போர்டுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா, பேராண்டி?

கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறியாமே எய்யா? உங்க ஆச்சி சொன்னா. படிப்புக்குத்தான்னு அம்மாகிட்டச் சொல்லி, தீவாளிக்குச் சட்டை வேண்டாம், அந்தத் துட்டையும் சேத்துக் குடுன்னு கேட்டியாமே. ரொம்பச் சந்தோசம். படிப்பு மேல இம்புட்டுப் பிரியம் உள்ள பிள்ளைய நம்ம வம்சத்துல நான் கண்டதில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு நீ படிக்கிற சத்தம் தெரு பூராவும் கேக்குதாம். துப்பாக்கி வெடிக்கிற சத்தமாவே கேக்குதாம். பாடம் அப்படி இருக்கும்போல.

நான் மோட்டார் காயில் கட்டிப் பொழச்சவன். இவருக்கு கம்ப்யூட்டரு என்னத்தத் தெரியும்னு நீ சிரிப்ப. சிரி. மகன் கோவில்பட்டியில சர்வீஸ் கடை போட்டதுல இருந்து எனக்குப் பகல் பூராவும் அந்த பெஞ்சுலதான் போகுது. அங்க வந்து முழிக்கிற மூஞ்சிகளப் பாத்தே ஒரு படிப்பு படிச்சு முடிச்சிட்டேன். கையில புது கார்டு டப்பா இருக்கும், மூஞ்சியில களை இருக்காது. "அண்ணே, கார்டு டெட்டு"ம்பான். கார்டு சாகலய்யா. அது போயி உக்காந்த எடந்தான் சரியில்ல.

யூடியூப்ல எத்தன பேரு பேசுறதக் கேட்டுருப்ப? கூட்டாளிமாரு அம்புட்டுப் பேருட்டயும் கேட்டாச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு போனப் போட்டு வெலயும் கேட்டாச்சு. வீட்டுல கம்ப்யூட்டருக்குள்ள தூசி படிஞ்சு கெடக்கே அந்த மதர்போர்டு, அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அதுதான எய்யா சொமக்கப் போகுது?

"ஸ்லாட்டு இருக்கு தாத்தா, நீளமா, பதினாறுன்னு போட்டிருக்கு"ன்னு சொல்லுவ. இருக்கட்டும்யா. நம்ம கண்மாய் மடையப் பாத்திருக்கல்ல? மடை வாய் அகலமா கட்டியிருக்கும், காண்ட்ராக்ட்காரரு பேரும் வருசமும் பெருசா எழுதியிருக்கும். அந்தப் பக்கம் எறங்கிப் பாத்தா வாய்க்கால் முழ அகலம். தண்ணி எதுக்குத் தக்கன போகும்? போர்டுலயும் இதே கூத்துதான். ஸ்லாட்டோட வாய் பதினாறு லேனுக்குத் தக்க நீளமா இருக்கும். பின்னால கம்பி ஓடுறது எட்டோ நாலோ. பிராசஸருக்குப் பக்கத்துல இருக்க மொத ஸ்லாட்டுக்குத்தான் பெரும்பாலும் முழுப் பதினாறும் பிராசஸர்ல இருந்து நேரா வரும். அதுக்குக் கீழ அதே நீளத்துல இன்னொன்னு இருக்கும். பல போர்டுல அதுக்கு நாலு லேன்தான், அதுவும் சிப்செட்டச் சுத்திக்கிட்டு வரும். கீழ காத்தோட்டமா இருக்கட்டும்னு ரெண்டாவதுல மாட்டி வச்சிட்டு, "ஸ்பீடு வரலண்ணே"ன்னு வந்து நிக்கிறவுக உண்டு. மேல மாத்தி மாட்டிக் குடுத்துட்டு எம் மகன் துட்டு வாங்க மாட்டான். நானா இருந்தா வாங்குவேன்.

இன்னொரு கொடுமையும் இருக்கு. எம்.2ன்னு சின்னதா ஒரு எஸ்எஸ்டி மாட்டுறீகளே, சில போர்டுல அத ஒரு குறிப்பிட்ட எடத்துல மாட்டுனா கார்டுக்குப் போற பதினாறு எட்டாக் கொறஞ்சிரும். போர்டு மேனுவல்ல இது பொடி எழுத்துல இருக்கும். மேனுவலா? அதத்தான் டப்பாவோட பரண்ல போட்டாச்சே.

லேன் எத்தனங்கறது ஒரு கணக்கு. ஒரு லேன்ல எம்புட்டுப் போகும்ங்கறது வேற கணக்கு. இந்த ஸ்லாட்டுக்குப் பேரு பிசிஐ எக்ஸ்பிரஸ், 2003ல வந்தது. 3.0 விதிமுறை 2010, 4.0 வந்தது 2017, 5.0 வந்தது 2019. ஒவ்வொன்னும் முந்துனதுக்கு ரெட்டிப்பு. பதினாறு லேன் முழுசா ஓடுனா 2.0ல நொடிக்கு 8 ஜிபி, 3.0ல ஏறக்குறைய 16, 4.0ல 32, 5.0ல 64. பழசுல புதுசு மாட்டலாம், புதுசுல பழசும் மாட்டலாம். ரெண்டுல எது கம்மியோ அந்த வேகத்துல ஓடும், அம்புட்டுதான். அதனால, "உங்க போர்டு 3.0 தம்பி, கார்டு 4.0, போர்டையும் சேத்து மாத்திருவோமா"ன்னு கடையில பிரியமாக் கேட்டா, நீயும் பிரியமாச் சிரிச்சிக்கிட்டு அடுத்த கடைக்கு நட. பதினாறு லேன் உள்ள கார்டு 3.0 போர்டுல ஓடுனா இழப்பு ரொம்பக் கம்மி. அதுக்காகப் போர்டு மாத்துறவனுக்குத் துட்டு கூடிப் போச்சுன்னு அர்த்தம்.

இடி எறங்குறது வேற எடத்துல. வெல கொறைக்கணும்னு லேனையே கொறச்சு வச்ச கார்டு இருக்கு. ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 2022 ஜனவரியில வந்தது. 4 ஜிபி மெமரி, நாலே நாலு லேன். 4.0 போர்டுல மாட்டுனா நொடிக்கு 8 ஜிபி போகும், 3.0ல 4 ஜிபி; 2.0ல வெறும் 2. கார்டோட சொந்த மெமரி நெறஞ்ச மறுநிமிசம் மிச்சத்துக்கு ராமுக்கு ஓடணும்ல, அந்த ஓட்டம் பூராவும் இந்த நாலு லேன் வழியாத்தான். இப்ப யோசி. இது கொறஞ்ச வெல கார்டு. பழைய போர்டு வச்சிருக்கவன்தான் தேடி வாங்குவான். எவன் வாங்குவானோ அவன் போர்டுலதான் அது முக்கும். அத வடிவமைச்சவன எனக்குப் பாக்கணும்போல இருக்கு, நல்ல வார்த்தை நாலு சொல்லலாம். 2023ல வந்த ஆர்டிஎக்ஸ் 4060க்கு எட்டு லேன். 3.0 போர்டுலயும் அது பெருசா அடி வாங்காது. 2.0 போர்டுன்னா அத நெனைக்காத.

போர்டு டப்பாவுல 4.0ன்னு பொன்னெழுத்துல போட்டிருக்குன்னு காட்டுவ. பிராசஸர் என்னன்னு நான் கேப்பேன். ரைசன் 5 5600ஜின்னு சொன்னியோ, முடிஞ்சுது கதை. இப்போதைக்கு இதுலயே படம் வரும், கார்டு அப்புறம் பாத்துக்கிடலாம்னு ஊரு பூரா வாங்கி வச்ச பிராசஸர் அது. நல்ல சாமான்தான், குத்தம் சொல்லல. ஆனா பி550 போர்டுலயே அத உக்கார வச்சாலும் அது குடுக்கிறது 3.0தான். போர்டு எம்புட்டுத்தான் நெஞ்ச நிமித்துனாலும் லேன் பிராசஸர் வீட்டுச் சொத்து. இதுக்குப் பின்னால வந்த 8500ஜி இன்னும் மேல: 4.0 தருவேன், கார்டுக்கு நாலு லேன்தான் தருவேன்னு நிக்கும். அதுல கார்டு மாட்டிப் பெருசா ஆடணும்னு நெனச்சா, வாங்குறதுக்கு முந்தியே நெனச்சிருக்கணும்.

"எங்கிட்ட இருக்கது ஐ5 தாத்தா." எத்தனாவது தலைமுறைன்னு சொல்லு, அப்புறம் நெஞ்ச நிமித்து. ஆபீசுல கழிச்சுக்கட்டுன பெட்டிய ஐ5 ஸ்டிக்கர் ஒட்டி விக்கிற கடை எல்லா ஊருலயும் இருக்கு. ரெண்டாம் தலைமுறை ஐ5 வந்தது 2011ல. பதினாலாம் தலைமுறை வந்தது 2023ல. ரெண்டுக்கும் ஸ்டிக்கர் ஐ5தான். ரெண்டாம் தலைமுறையில ஓடுறது 2.0. அந்தக் காலத்துப் போர்டுகள்ல பழைய பயாஸா இருந்தா, இப்ப வர்ற கார்டு சிலதுல திரை கறுப்பாவே நிக்கும். ஃபேன் சுத்தும், லைட்டு எரியும், படம் வராது. உடனே "கார்டு டெட்டு"ன்னு கெளம்பிருவீக.

இன்டெல்காரன் ஆர்க்னு கார்டு போட்டானே, அதுலயும் ஒரு சூட்சுமம். 2022ல ஏ750, ஏ770, பெறகு 2024 டிசம்பர்ல பி580. வெலைக்கு நல்ல சாமான். ஆனா ரீசைஸபிள் பார்னு ஒரு வசதி போர்டுல இருந்தாத்தான் அது ஒழுங்கா வேலை செய்யும்; இல்லன்னா வேகம் ரொம்பவே படுத்துரும். தன் பிராசஸர்னா பத்தாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கட்டும்னு இன்டெல்காரனே சொல்லியிருக்கான். வசதி உள்ள போர்டுலயும் பயாசுக்குள்ள போயி அபோவ் 4ஜி டீகோடிங்கைத் தொறக்கணும், சிஎஸ்எம்ம அணைக்கணும். அணைச்சதும் விண்டோஸ் ஏறலன்னு கத்தாத. உன் டிஸ்க்கு பழைய எம்பிஆர் முறையில இருக்கும். ஜிபிடிக்கு மாத்திட்டு அப்புறம் அணை. விண்டோஸ் 10லயே அதுக்கு எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு கருவி இருக்கு. மாத்துறதுக்கு முந்தி போட்டோ, பாட்டு, அந்த மத்தச் சமாச்சாரம் எல்லாத்தையும் வேற எடத்துல எடுத்து வச்சிக்கிடு. என்ன சமாச்சாரம்னு நான் கேக்கல.

இனி கரண்டுக்கு வருவோம். இது என் ஏரியா, இதுல என்னய ஏமாத்த முடியாது.

ஸ்லாட்டு வழியா ஒரு கார்டு எடுத்துக்கிட வேண்டியது 75 வாட்டுக்குள்ள. அதுக்கு மேல வேணும்னா எஸ்எம்பிஎஸ்ல இருந்து தனி வயரு வரணும். ஆறு பின் வயருன்னா 75, எட்டு பின்னுன்னா 150. 2019ல வந்த ஜிடிஎக்ஸ் 1650 மொத்தமே 75 வாட்டுக்காரன். வயரே வேண்டாத மாடல் நெறைய உண்டு. பழைய பெட்டிக்காரனுக்கு அதுதான் சாமி. ஆர்டிஎக்ஸ் 4060 கேக்கிறது 115. ஆர்டிஎக்ஸ் 3060 கேக்கிறது 170. 2025ல வந்த 5090 கேக்கிறது 575 வாட்டு. நம்ம கெணத்து ஒரு எச்பி மோட்டாரே 746 வாட்டுய்யா. தண்ணியாவது வரும்.

உன் எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்டுன்னு பெருசா ஒட்டியிருக்கும். கேபினெட் வாங்குனப்போ இனாமா வந்ததுல்ல அது? இனாமா வந்ததப் பழிக்கக் கூடாது, அதனால பழிக்கல. ஸ்டிக்கர மட்டும் வாசி. 12 வோல்ட்டுன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுக்குக் கீழ ஆம்பியர் போட்டிருக்கும். கார்டும் பிராசஸரும் குடிக்கிறது அந்தக் கட்டத்துல இருந்துதான். 15 ஆம்பியர்னு போட்டிருந்தா பன்னெண்டால பெருக்கு: 180 வாட்டு. எங்க போச்சு மிச்சம் 270? ஸ்டிக்கர் அடிச்ச பிரஸ்ஸுல போயிக் கேளு. 4060க்கும் 3060க்கும் என்விடியாக்காரன் சொல்லுறது 550 வாட்டு எஸ்எம்பிஎஸ். அவன் சொல்லுறது நேர்மையா வாட்டுக் குடுக்கிற சாமான.

"எட்டு பின் வயரு இல்ல, ஆனா கன்வெர்ட்டர் எண்பது ரூவாய்க்குக் கெடைக்கி தாத்தா." கெடைக்கும். சாட்டா வயருல இருந்து எட்டு பின்னுக்கு மாத்துற அந்தச் சாமான மட்டும் வாங்கிராத. சாட்டா பவர் முனை தாங்குறது 54 வாட்டு. அதுல 150 வாட்டுக்காரன இழுத்துக் கட்டுனா உருகும். எஸ்எம்பிஎஸ்லயே வயரு இல்லன்னா, அந்தக் கார்டுக்கு அது செய்யப்பட்டதில்லன்னு அர்த்தம். பெரிய எடத்துலயும் இது நடக்கும்: 2022ல ஆர்டிஎக்ஸ் 4090 வந்தப்போ அதோட புது வகைப் பதினாறு பின் முனை சரியா உள்ள ஏறாம உருகுன கதை உலகம் பூரா நாறுச்சு. பெறகுதான் அந்த முனையத் திருத்தி 12வி-2x6ன்னு விட்டாக. லச்ச ரூவாய்க்கு மேல குடுத்து வாங்குனவனுக்கே அந்தக் கதி.

எஸ்எம்பிஎஸ் மாத்துனவன்கூட ஒன்ன மறந்துருவான். அதுக்கும் முந்தி ஒரு யூபிஎஸ் இருக்கு. வீட்டுல இருக்கது 600 விஏன்னா அது தாங்குறது பெரும்பாலும் 360 வாட்டு. கேம் சூடு பிடிக்கிற நேரத்துல, சுட வேண்டியவன நீ சுடுறதுக்கு முந்தி, பீப்புன்னு கத்திட்டு எல்லாம் அணைஞ்சிரும். கரண்டு வாரியத்தத் திட்டாத. அன்னைக்கு அவுக மேல தப்பில்ல.

நீளத்தப் பத்தி அதிகம் சொல்ல வேண்டாம். பள்ளிக்கூடத்து ஸ்கேல் 30 சென்டிமீட்டர். என்விடியா விட்ட 4090 304 மில்லிமீட்டர். ஸ்கேலத் தாண்டி நாலு மில்லிமீட்டர் நீட்டும். கேபினெட்டத் தொறந்து, பின்பக்கத் தகட்டுல இருந்து முன்னால ஹார்டு டிஸ்க்கு கூண்டு வரைக்கும் டேப்பு வச்சு அள. தடிமனையும் பாரு, ரெண்டு ஸ்லாட்ட அடைக்குமா, மூணையா. கம்பெனி பிராண்டு சின்னப் பெட்டின்னா தனிப் பாவம்: கட்டக் கார்டுதான் உள்ள போகும், எஸ்எம்பிஎஸ் அவுகளே செஞ்ச அளவுல இருக்கும், போர்டுல மாட்டுற முனையும் சந்தையில கெடைக்கிற இனமா இருக்காது. அந்தப் பெட்டிக்கு 1650ல கட்ட மாடல் தேடு, இல்லன்னா ஆசைய விடு. அரசு குடுத்த லேப்டாப்பக் கொண்டாந்து கார்டு போட்டுத் தாங்கன்னவன் ஒருத்தன் உண்டு. அவனுக்கு எம் மகன் டீ வாங்கிக் குடுத்து அனுப்பினான். வேற என்ன செய்ய முடியும்?

உங்க வீட்டு மானிட்டருக்குப் பின்னால நீலக் கலர் முனை இருக்குல்ல, விஜிஏ? இப்ப வர்ற கார்டுல அது கெடையாது. எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான். கன்வெர்ட்டர் ஒன்னு வாங்கிக்கிடு. இது உருகாது, தைரியமா வாங்கு. வயர கார்டுல சொருகு. போர்டுல இருக்க எச்டிஎம்ஐ ஓட்டையில சொருகிட்டு "கார்டு வேலை செய்யல"ன்னு வர்றவுகள வச்சே எங்க கடை வாடகை பாதி ஓடுது. அதுலயும் பிராசஸர் பேரு கடைசியில எஃப்னு இருந்தா, 12100எஃப் மாதிரி, அதுக்குள்ள படம் காட்டுற சாமானே கெடையாது. போர்டு ஓட்டையில சொருகிட்டு விடிய விடிய உக்காந்தாலும் கறுப்புதான்.

செகண்ட்ஸ்ல மலிவா வருதுன்னு பி106-100ன்னு ஒரு கார்டு காட்டுவாக. வாங்குறதுக்கு முந்தி திருப்பிப் பின்பக்கத்தப் பாரு. மானிட்டர் சொருக ஓட்டையே இருக்காது. பிட்காயின் மாதிரிக் காசுகள அரைச்சு எடுக்கன்னே செஞ்சது அது. "நல்ல கண்டிஷன் தம்பி"ம்பாக. பொய் சொல்லல பாவம், கண்டிஷன் நல்லாத்தான் இருக்கும்.

இம்புட்டும் மனப்பாடம் பண்ணச் சொல்லல. கீபோர்டுல விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேத்து அமுக்கி எம்எஸ்இன்ஃபோ32ன்னு அடி. பேஸ்போர்டு புராடக்ட்னு ஒரு வரி வரும், அதுதான் உன் போர்டு பேரு. அதுல வரலன்னா சிபியு-இசட்னு இனாமா ஒரு சாப்ட்வேர் இருக்கு, மெயின்போர்டு பக்கத்துல காட்டும். அந்தப் பேர வச்சு போர்டு செஞ்ச கம்பெனியோட தளத்துல மேனுவல எறக்கு. எக்ஸ்பேன்ஷன் ஸ்லாட்டுங்கற பக்கம் ஒன்னு போதும். அதுல ஸ்லாட்டு நீளம் பதினாறுன்னு எழுதி, பக்கத்துலயே நாலு லேன்ல ஓடும்னு எழுதியிருந்தா, எத நம்பணும்னு இந்நேரம் உனக்கே தெரியும். கார்டு மாட்டுன பெறகு ஜிபியு-இசட்ட ஓட்டி, பஸ் இன்டர்ஃபேஸ்ங்கற கட்டத்தப் பாரு. கார்டால முடியுறது ஒன்னு, இப்ப ஓடுறது இன்னொன்னு, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல போட்டிருக்கும். சும்மா இருக்கையில கம்மியாக் காட்டும். அதுலயே இருக்க சோதனைய ஓட விட்டுப் பாத்துட்டு அப்புறம் புலம்பு.

கடையில, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு ஒரு அட்டை தொங்கும், பாத்திருப்ப. சாமான் வாங்குன பெறகுதான் எல்லார் கண்ணுலயும் அது படும். நீ முந்தியே வாசிச்சிரு. பெட்டியத் தூக்கிட்டுப் போயி அங்கயே மாட்டிப் படம் வரவச்சுப் பாத்துட்டுத் துட்டு குடு. வெக்கப்படாத. சேலை எடுக்க உங்க ஆச்சிகூடப் போனவன்தான நீ, ஒரு கடையத் தலைகீழா நிறுத்துறது எப்படின்னு ஒனக்குச் சொல்லித் தரணுமாக்கும்?

போர்டு பேரு, பிராசஸர் பேரு, எஸ்எம்பிஎஸ்ல 12 வோல்ட்டுக்கு நேர இருக்க ஆம்பியர், கேபினெட்டுக்குள்ள எத்தன மில்லிமீட்டர்: இந்த நாலையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு ஞாயித்துக்கெழம வெள்ளனே வா. பாத்துட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் எவனுக்கும் ஜிபேல அட்வான்ஸ் அனுப்பிராத.